உஷார்! பக்கச் சக்கரம் வண்டியில் இருக்கிறது, ஆர்.சி.யில் இருக்கிறதா?

வீட்டு வாசலில் பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் நிற்கிறதா? இந்தக் கட்டுரை எங்கும் ஓடிவிடாது. முதலில் பீரோவைத் திறந்து ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வாகன வகை என்ற இடத்தில் 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று இருந்தால் நிம்மதி. பழைய ஆர்.சி.களில் 'இன்வேலிட் கேரேஜ்' என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லை 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது எடுத்துவிட்டார்கள், பொருள் ஒன்றுதான். அப்படி எதுவும் இல்லாமல் வெறும் 'எம்-சைக்கிள்/ஸ்கூட்டர்' என்று மட்டும் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டிக்கு மூன்று அல்லது நான்கு சக்கரம். உங்கள் ஆர்.சி.யில் இருக்கும் வண்டிக்கு இரண்டே சக்கரம். அரசாங்கக் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு வண்டி.

'பத்து வருஷமா ஓட்டுறேன், ஒரு போலீஸ்காரர்கூடப் பிடிச்சதில்ல' என்று சொல்வீர்கள். உண்மைதான். ஊன்றுகோலைப் பக்கத்தில் செருகிக்கொண்டு போகிறவரை நிறுத்திப் பேப்பர் கேட்க நம் ஊர்ப் போலீசாருக்கு மனசு வராது. அந்த இரக்கம்தான் இதில் இருக்கிற ஆபத்து. பத்து வருஷம் யாரும் கேட்காத கேள்வியை முதன்முதலாகக் கேட்கப்போகிறவர் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர். அவர் வருவது விபத்து நடந்த பிறகு.

சர்வேயர் எப்படி வேலை செய்வார் என்று பார்த்திருக்கிறீர்களா? அடிபட்ட இடத்தை முதலில் பார்க்க மாட்டார். வண்டியைச் சுற்றி நடந்து நாலு பக்கமும் படம் எடுப்பார். சேஸிஸ் எண்ணைத் துடைத்து ஒரு படம். பிறகு குனிந்து, பக்கச் சக்கரத்தைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தையும் அது வண்டியோடு சேருமிடத்தில் இருக்கிற வெல்டிங்கையும் படம் எடுப்பார். கையில் இருக்கிற ஆர்.சி. நகலில் வாகன வகை, இருக்கை எண்ணிக்கை, எடை எல்லாவற்றையும் ஒப்பிடுவார். ஒத்துப்போகவில்லையென்றால் அறிக்கையில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்: பதிவில் இல்லாத மாற்றம் செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் வண்டிச் சேதத்துக்கான கோரிக்கை அந்த வரியிலேயே மாட்டிக்கொள்ளும். எதிரே வந்தவருக்கு அடிபட்டிருந்தால் இன்னும் மோசம். அவருக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி தீர்ப்பாயங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கு உத்தரவிடுவது உண்டு. லட்சக்கணக்கில் வரும். பெட்டிக்கடை வைத்திருக்கிறவரோ, டெய்லரிங் செய்கிறவரோ, செல்போன் ரிப்பேர் பார்க்கிறவரோ எங்கே போவார்?

இத்தனைக்கும் சட்டம் மாற்றுத்திறனாளிக்கு எதிராக இல்லை. இதைச் சொல்லும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. மற்றவர்கள் தங்கள் வண்டியில் கைவைத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 தடுக்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றக்கூடாது. ஆனால் அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, தன் வண்டியை மாற்றுத்திறனாளிக்கான வாகனமாக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு பதிவு அதிகாரியின் ஒப்புதலை வாங்கிக்கொள்ளலாம் என்று வழிவிடுகிறது. மாற்றம் மத்திய அரசு வகுத்த நிபந்தனைகளுக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டுப்படியாகும் செலவில் தனிப்பட்ட போக்குவரத்துக்குச் சலுகைகளும், வண்டிகளை மாற்றியமைக்கத் திட்டங்களும் அரசு கொண்டுவர வேண்டும் என்று அதன் 41-ஆம் பிரிவு சொல்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது. அந்தக் கதவு வழியாகப் போகாமல் விட்டால் என்ன என்பதையும் சட்டம் எழுதிவைத்திருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 182ஏ-யின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஒப்புதல் வாங்கக் காலக்கெடுவும் உண்டு. மாற்றம் செய்த 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்து, கட்டணம் கட்டிப் புது விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். பக்கச் சக்கரம் பொருத்தும் பட்டறைகளில் எத்தனை பேர் இதைச் சொல்கிறார்கள்? 'வண்டியை விட்டுட்டுப் போங்க சார், சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க' என்பார்கள். பில் கேட்டால் துண்டுச் சீட்டு வரும். அந்தத் துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒன்றும் செய்ய முடியாது. பட்டறையின் பெயர், ஜி.எஸ்.டி. எண், உங்கள் வண்டியின் பதிவு எண், சேஸிஸ் எண், என்ன பொருத்தினார்கள் என்ற விவரம் எல்லாம் உள்ள முறையான பில் வேண்டும். வரியைக் காட்டிப் பில்லைத் தவிர்க்கப் பார்த்தால் ஏமாறாதீர்கள். மாற்றுத்திறனாளிகளின் வண்டியில் பொருத்தும் ரெட்ரோ ஃபிட்மென்ட் கிட்டுக்கான ஜி.எஸ்.டி.யை 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய கவுன்சில் 5 சதவீதமாகக் குறைத்தது. 'பில் போட்டா ரேட் எகிறிடும்' என்கிற பட்டறைக்காரரிடம் அந்த 5 சதவீதத்தைச் சொல்லுங்கள்.

பட்டறையைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்கூட்டரில் இன்ஜினும் பின்சக்கரமும் ஒரே கட்டாக மேலும் கீழும் ஆடும். சேஸிஸ் தனியாக நிற்கும். பக்கச் சக்கரத்தின் சட்டத்தைச் சேஸிஸில் போல்ட் போட்டு உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும், அந்தச் சக்கரங்களுக்கும் சஸ்பென்ஷன் இருக்க வேண்டும். மலிவு வேலையில் சஸ்பென்ஷன் இருக்காது, விறைப்பாகப் பற்றவைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டி குண்டும் குழியுமான ரோட்டில் போகும்போது, பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி, நடுவில் இருக்கிற பின்சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கும் கணம் ஒன்று வரும். பின்சக்கரம் காற்றில் சுற்றும். அந்த நேரத்தில் பின்பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. பாலத்து இறக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதோடு, பக்கச் சக்கரம் போட்ட வண்டி திருப்பத்தில் சாயாது. இரண்டு சக்கரத்தில் ஓட்டிப் பழகியவர், குறிப்பாக விபத்தில் காலை இழந்த பிறகு மறுபடி வண்டி எடுப்பவர், பழைய வேகத்தில் இடப்பக்கம் ஒடித்தால் வண்டி வலப்பக்கமாகக் கவிழப் பார்க்கும். வண்டியை ரோட்டுக்கு எடுப்பதற்கு முன் காலி மைதானத்தில் நாலு நாள் ஓட்டிப் பழகுங்கள். வாங்கிய முதல் வாரம் ஓடிய பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். புது வேலையில் அவை தளரும்.

காரிலும் இதே கதைதான். கையால் இயக்கும் பிரேக், ஆக்ஸிலரேட்டர் கம்பி, இடக்காலுக்கு மாற்றிய ஆக்ஸிலரேட்டர் எதுவானாலும் பிரேக் பெடலோடு இணையும் கிளாம்ப்பை நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். அது வழுக்கினால் உங்கள் கையில் கம்பி இருக்கும், பிரேக் இருக்காது. 'வெளியில மாத்தினா வாரன்டி போயிடும்' என்று ஷோரூமில் பயமுறுத்துவார்கள். மத்திய அரசு வகுத்த விதிகளின்படி செய்த மாற்றத்துக்காக வாரன்டியை ரத்து செய்யக்கூடாது என்று 2019 திருத்தம் சொல்கிறது. ஆனால் 'விதிகளின்படி' என்பதை நிரூபிக்க மறுபடியும் அந்த ஆர்.சி. பதிவுதான் வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால், கைவைப்பதற்கு முன்னால் கடன் கொடுத்த வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

இந்தப் பதிவைச் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டால் இழப்பு உங்களுக்குத்தான். மோட்டார் காப்பீட்டில் ஐ.எம்.டி. 12 என்று ஒரு பிரிவு இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காக மாற்றியமைத்த வண்டிக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. இதைப் பல ஏஜென்ட்டுகள் வாயைத் திறந்து சொல்வதே இல்லை. அவர்களைக் கேட்க வேண்டும், கேட்டால் ஆர்.சி.யில் பதிவைக் காட்டச் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு கேட்டாலும் அதே கேள்வி வரும். தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள், 2008, உடற்குறை உள்ளவர்களுக்கென்று வடிவமைத்த வாகனத்துக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்கின்றன. இரு சக்கர, மூன்று சக்கர வண்டிக்குச் சுங்கச்சாவடியில் எப்படியும் காசில்லை. கார்காரர்களுக்குத்தான் இது முக்கியம். ஆனால் சாதாரண ஃபாஸ்டேக்கை ஒட்டிக்கொண்டு போனால் காசு போய்க்கொண்டேதான் இருக்கும். ஆர்.சி.யைக் காட்டி, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் விலக்கு பெற்ற ஃபாஸ்டேக்கை விண்ணப்பித்து வாங்க வேண்டும். சாவடியில் நின்று அடையாள அட்டையைக் காட்டி வாக்குவாதம் செய்து பயனில்லை. அங்கே இயந்திரம் ஃபாஸ்டேக்கைத்தான் படிக்கும்.

இப்போது மிக அவசரமான எச்சரிக்கைக்கு வருகிறேன். கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கை, கால் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் காரில் ஜி.எஸ்.டி. சலுகை என்று பல ஆண்டுகளாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மத்திய கனரகத் தொழில் அமைச்சகம் கொடுக்கும் சான்றிதழைக் காட்டினால், நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சி.சி.க்குள் இன்ஜினும் கொண்ட பெட்ரோல் காருக்கு, டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள், 18 சதவீதம்தான் வரியாக இருந்தது, செஸ் கிடையாது. மற்றவர்கள் அதே பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் 1 சதவீதம் செஸ்ஸும் கட்டினார்கள். அடிப்படை விலை 6 லட்சம் என்றால் 66,000 ரூபாய் மிச்சம். நல்ல தொகை, அதனால்தான் இதைச் சுற்றி ஒரு புரோக்கர் கூட்டமே வளர்ந்தது.

2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கணக்கு மாறிவிட்டது. சின்ன கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம், செஸ்ஸும் போய்விட்டது. அதாவது, சான்றிதழ் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். எல்லோருக்கும் விலை குறைந்தது சந்தோஷம்தான். ஆனால் கார் வாங்கிய விலைக்கு மேல் அதைத் தனக்கேற்றபடி மாற்றியமைக்கவும் செலவு செய்ய வேண்டிய ஒருவருக்கு இருந்த ஒரு கைத்தாங்கல் இப்படிச் சத்தமில்லாமல் கரைந்துபோனது எனக்கு நியாயமாகப் படவில்லை. மற்றவர்களுக்கு 18 என்றால் இவர்களுக்கு 5 என்று குறைத்திருக்க வேண்டாமா? இந்தக் கோரிக்கையைத் தொகுதி எம்.பி.யிடம் கொண்டுபோக வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். உடனடி ஆபத்து வேறு: 'ஜி.எஸ்.டி. சலுகைச் சான்றிதழ் வாங்கித் தர்றேன், பத்தாயிரம் கொடுங்க' என்று இன்னமும் யாராவது வந்தால், அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சலுகையில்லாத விலை எவ்வளவு, சலுகை விலை எவ்வளவு, இரண்டையும் ஷோரூம் கொட்டேஷனாக எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். சின்ன காருக்கு வித்தியாசம் காட்டவே முடியாது.

முன்பே சலுகையில் கார் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து ஆண்டுக்குள் விற்க மாட்டேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்துத்தான் அந்தச் சலுகையைப் பெற்றீர்கள். வரி இப்போது ஒன்றாகிவிட்டது என்பதற்காக அந்த உறுதிமொழி செல்லாமல் போய்விடாது.

அடுத்தது, வீட்டுக்குள்ளேயே நடக்கிற விஷயம். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளியான தம்பி பெயரில் வண்டி, வரிவிலக்கு, சுங்க விலக்கு. ஆனால் காலையில் கிளம்பினால் இரவு வரை ஓட்டுவது அண்ணன். தம்பி வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பார். சட்டத்தின் வரையறை, மாற்றியமைத்த வாகனம் அந்த நபரால், அல்லது அந்த நபருக்காக மட்டுமே பயன்பட வேண்டும் என்கிறது. பார்வையற்ற அம்மாவை மகன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் அது அம்மாவுக்கான பயன்பாடு. அம்மா பெயரில் இருக்கிற காரில் நண்பர்களோடு கொடைக்கானல் போனால் அது வேறு. பிடிபட்டால் கையெழுத்துப் போட்டது யாரோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அடையாள அட்டை நகலையோ கையெழுத்தையோ சொந்தக்காரர் கேட்டாலும், எதற்கு என்று விசாரிக்காமல் கொடுக்காதீர்கள்.

தமிழக அரசு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரை இலவசமாகவே கொடுக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் திட்டம். விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். கலெக்டர் அலுவலக வளாகத்தில் நேர்முகத் தேர்வு வைத்து ஆளைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காத்திருப்பவர்கள் அதிகம், அதனால் புரோக்கர்களும் அதிகம். 'லிஸ்ட்ல உங்க பேர் வந்துடுச்சு, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மூவாயிரம் அனுப்புங்க' என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். அரசு கொடுக்கும் ஸ்கூட்டருக்குப் பயனாளி முன்பணம் கட்ட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டைக்கும் கட்டணம் இல்லை. வாட்ஸ்ஆப்பில் வரும் சுட்டியை அழுத்துவதற்கு முன் முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் அல்லது என்.ஐ.சி. டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள். 'ஆர்.டி.ஓ. செலான்' என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் திறக்கவே கூடாது. அது உங்கள் வங்கிக் கணக்கைத் துடைக்க வந்தது. பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பிருக்கிறது.

லைசென்ஸ் விஷயத்திலும் பலர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். விபத்துக்கு முன்பு எடுத்த கியர் வண்டி லைசென்ஸ் பர்ஸில் இருக்கிறது, அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. மாற்றியமைத்த வாகனம் என்பது லைசென்ஸில் தனி வகுப்பு. படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்று வாங்கி, எல்.எல்.ஆர். போட்டு, உங்கள் சொந்த வண்டியிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். வண்டி இல்லாமல் எப்படி டெஸ்ட், லைசென்ஸ் இல்லாமல் எதற்கு வண்டி என்று பலர் இந்த இடத்தில் சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். வண்டி வாங்கவும் பதிவு செய்யவும் லைசென்ஸ் கேட்பதில்லை. முதலில் வண்டியை மாற்றிப் பதிவை முடியுங்கள், பிறகு எல்.எல்.ஆர்., அதற்குப் பிறகு டெஸ்ட். புது வண்டி என்றால் நிரந்தரப் பதிவுக்கு முன்பே தற்காலிகப் பதிவில் எடுத்துப்போய் மாற்றியமைக்கவும் இப்போது மத்திய விதிகளில் இடமுண்டு. ஷோரூம்காரருக்கே இது தெரியாமலிருக்கலாம், விவரம் சொல்லிக் கேளுங்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்பும்போது பையில் என்னென்ன இருக்க வேண்டும்: அசல் ஆர்.சி., நடப்பிலுள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்று, யு.டி.ஐ.டி. அட்டை, பட்டறையின் முறையான பில், கடன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதம். யு.டி.ஐ.டி. அட்டையில் காலாவதித் தேதி இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். தற்காலிகச் சான்று வாங்கிய பலருக்கு அது முடிந்துபோயிருப்பதே தெரியாது. பரிவாஹன் தளத்தில் வாகன மாற்றத்துக்கென்று சேவை இருக்கிறது, விண்ணப்பத்தை அதில் போட்டுக் கட்டணத்தையும் கட்டிவிட்டுப் போனால் புரோக்கருக்கு வேலை இல்லை. வண்டியைக் கொண்டுபோயாக வேண்டும், பிரேக் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்துத்தான் எழுதுவார். அலுவலகத்தில் சாய்தளம் இல்லை, மாடிக்கு ஏறிவரச் சொல்கிறார்கள் என்றால் ஏறாதீர்கள். கீழே இருந்தபடியே அலுவலரை வரச் சொல்லுங்கள். அரசு அலுவலகம் மாற்றுத்திறனாளி வந்துபோகும்படி இருக்க வேண்டியது அவர்கள் கடமை.

பழைய வண்டி, 14 நாள் என்றைக்கோ தாண்டிவிட்டது, இப்போது போனால் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நீங்களாகப் போய்ச் சொல்வதும், விபத்துக்குப் பிறகு மற்றவர் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், உங்கள் ஊர் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் சொல்லி, இதே நிலையில் இருக்கிற நாலைந்து பேராகச் சேர்ந்து மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுக் கொடுங்கள். ஒரே நாளில் எல்லா வண்டியையும் பார்த்துப் பதிவு செய்து தரும்படி ஆர்.டி.ஓ.வுக்கு அவர் எழுதலாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு முடிகிற வரைக்கும் அவசரத்துக்குத் தவிர வண்டியை வெளியே எடுக்க வேண்டாம், பின்னால் குழந்தையை ஏற்றவே வேண்டாம்.